எளிய இயக்க முறைமையும் பழைய கணினிகளும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், மின்னணு நகரத்தையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் கடந்ததும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் கடைத்தெருவில் ஒருங்கே ஒலிக்கின்றன. உலக நிறுவனங்களுக்கு வேண்டிய மென்பொருள்கள் இதற்கு அண்மையிலுள்ள மின்னணு நகரத்தில் எழுதப்படுகின்றன. ஆயினும், இத்தகைய ஊர்களின் நகலகங்களிலும் தட்டச்சுப் பயிலகங்களிலும் தொழிலாளர் இல்லங்களிலும் பயன்படுபவை பெரும்பாலும் பல ஆண்டுகள் உழைத்த கணினிகளேயாகும். இக்கணினிகளின் எதிர்காலம் என்ன என்பது இன்று மாணவரும் அலுவலரும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

2025 அக்டோபர் 14 அன்று, மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை நிறுத்திக் கொண்டது. அதே நாளில், அயர்லாந்தில் உருவாகும் சோரின் ஓ.எஸ். என்னும் இயக்க முறைமையின் 18 ஆம் பதிப்பு வெளியாயிற்று. கணினிக்குப் புதியவர்களையும், விண்டோசுக்குப் பழகியவர்களையும் கருத்திற் கொண்டே இம்முறைமை அமைக்கப்பட்டுள்ளது.

இயக்க முறைமை என்பது யாது?

கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று பணியாற்றும் அடிப்படை மென்பொருளே இயக்க முறைமையாகும். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைச் சேமித்தல், அச்சுப்பொறி முதலிய கருவிகளை இயக்குதல், ஒரே நேரத்தில் நடைபெறும் பல பணிகளை முறைப்படுத்துதல் ஆகியவை இதன் கடமைகள். இதன் உட்கரு, கருனி எனப்படும்.

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருனியும் இணைந்ததன் விளைவாக, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் முழுமையான இயக்க முறைமை உருவாயிற்று. 1993-இல் தொடங்கிய டெபியனும், அதன் அடிப்படையில் 2004-இல் வெளிவந்த உபுண்டுவும் இவ்வழியில் தோன்றிய தொகுப்புகளாகும். 2006-இல் தோன்றிய லினக்ஸ் மின்ட், 2009-இல் தோன்றிய சோரின் ஆகியன உபுண்டுவைத் தழுவி, எளிமையை முதன்மை நோக்கமாகக் கொண்டு வளர்ந்தவை.

காலக்கெடுவின் பொருள்

ஆதரவு நின்றதனால் விண்டோஸ் 10 உள்ள கணினி உடனே நின்றுவிடுவதில்லை. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதில் திருத்தப்படா. நீட்டிக்கப்பட்ட ஆதரவுத் திட்டத்தில் சேரும் தனிப் பயனருக்கும் 2026 அக்டோபர் வரையே அவகாசம் உண்டு. வங்கிக் கணக்கையும் அரசுச் சேவைகளையும் கணினி வழியே கையாளும் இக்காலத்தில் இது சிறு குறையன்று.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனக் கருதலாம். அதற்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றோடு, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதியும் ஏற்கப்பட்ட வகையைச் சேர்ந்த செயலியும் வேண்டும். 2017-க்கு முன் விற்பனையான கணினிகளுள் பெரும்பாலானவை இத்தகுதியைப் பெறுவதில்லை. நன்கு இயங்கும் கணினியொன்று, பழுதின் காரணமாக அன்றி, மென்பொருள் விதியின் காரணமாகவே குப்பைக்குச் செல்லும் நிலை இதனால் எழுகிறது. கணினிப் பலகைகளில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. ஒரு கணினியின் ஆயுளை மூன்று நான்கு ஆண்டுகள் நீட்டிப்பது, மின்னணுக் கழிவைத் தவிர்க்கும் வழிகளுள் எளியதாகும்.

புதிய பதிப்பின் இயல்புகள்

சோரின் 18 ஆம் பதிப்பின் இலவச வடிவத்திற்கு 1 கிகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள இரட்டைக் கருச் செயலியும், 2 ஜி.பி. நினைவகமும், 15 ஜி.பி. சேமிப்பிடமும் போதும் என அறிவிக்கப்பட்டுள்ளது. எனினும், நடைமுறையில் இணையத்தைத் தடையின்றிப் பயன்படுத்த 4 ஜி.பி. நினைவகம் இருத்தல் நலம்.

திரையின் அமைப்பைப் பயனர் பழகிய வடிவிற்கு மாற்றிக் கொள்ளலாம். விண்டோசுக்கென எழுதப்பட்ட நிறுவல் கோப்பு ஒன்றைத் திறந்தால், அதற்கு ஈடான மென்பொருள் எது, அதனை எங்கே பெறலாம் என்பதை முறைமையே எடுத்துரைக்கிறது. சாளரங்களைத் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கும் வசதியும், இணையத்தளங்களைத் தனிச் செயலி போல் வைத்துக் கொள்ளும் வசதியும் இப்பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகளை லினக்ஸ் முறைமைகளில் சேர்த்துக் கொள்ள இயலும். தமிழும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் சந்தாபுரா போன்ற ஊர்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

நம் நாட்டின் பட்டறிவு

இத்துறையில் இந்தியாவின் பட்டறிவு புதியதன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவான ‘பாஸ்’ என்னும் பாரத இயக்க முறைமை 2007-இல் வெளியிடப்பட்டது. இந்திய மொழிகள் பலவற்றில் இது இயங்குகிறது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் லினக்ஸைப் பரப்ப முனைந்தது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் கொள்கையை நடுவண் அரசு 2015-இல் அறிவித்தது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவைத் தழுவிய ‘மாயா’ என்னும் முறைமையை ஏற்றது.

இவற்றுள் மிகுந்த வெற்றி கண்டது கேரளமே எனலாம். 2001-இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், பின்னர் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக அமைந்த பின்னரும், உபுண்டுவைத் தழுவிய தனித் தொகுப்பைப் பள்ளிகளுக்கென வெளியிட்டு வருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும், பாடநூலையும் தேர்வையும் அதே முறைமையில் அமைத்ததும் இவ்வெற்றியின் அடிப்படையாகும். கர்நாடகத்திலும் பெங்களூரைச் சேர்ந்த ‘ஐ.டி. ஃபார் சேஞ்ச்’ அமைப்பு, மாநிலக் கல்வித் துறையுடன் இணைந்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டற்ற மென்பொருளில் பயிற்சி அளித்துள்ளது.

இதற்கு மாறான பாடமும் உண்டு. செருமனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றிய பின்னர், 2017-இல் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. முறைமை நன்றாயிருந்தால் மட்டும் போதாது. நிர்வாகத்தின் உறுதியும் தொடர்ந்த பராமரிப்பும் வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

இடர்ப்பாடுகள்

மாற்றம் அனைவருக்கும் எளிதன்று. சிறு வணிகர்கள் பயன்படுத்தும் டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோசுக்கென எழுதப்பட்டது. கன்னடத்தில் நுடி, தமிழில் பாமினி முதலிய பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்ட ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றாமல் பயன்படுத்துவது கடினம். சில அச்சுப்பொறிகளுக்கும் மின் கையொப்பக் கருவிகளுக்கும் உரிய இயக்கிகள் லினக்ஸில் கிடைப்பதில்லை. ஆகவே, கணக்கெழுதும் கணினியை அவ்வாறே விடுத்து, பயிற்சிக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் பயன்படும் கணினிகளை முதலில் மாற்றுவதே அறிவுடைமையாகும்.

மேற்கொள்ள வேண்டிய முறை

முதலாவதாக, கோப்புகள் அனைத்தையும் வேறொரு சேமிப்புக் கருவியில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அடுத்து, இயக்க முறைமையை 8 ஜி.பி. அல்லது அதனினும் கூடிய பென் டிரைவ் ஒன்றில் எழுதி, வன்தட்டில் நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் துவக்கிப் பார்க்கலாம். அவ்வாறு இயக்கும்போது கம்பியில்லா இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைச் சோதித்தல் இன்றியமையாதது. அனைத்தும் நிறைவாக இருப்பின், விண்டோசுடன் இணைத்தோ தனித்தோ நிறுவலாம். அலுவலகமாயின், ஒரு கணினியில் தொடங்கி, ஊழியர் பழகிய பின்னரே ஏனையவற்றை மாற்றுதல் நலம்.

முடிவுரை

புதிய கணினி வாங்க இயலாத குடும்பத்தில் பிறந்த மாணவனுக்கும், பழைய கணினியை நம்பித் தொழில் நடத்தும் சிறு கடைக்காரருக்கும் எளிய இயக்க முறைமை ஒரு வாய்ப்பை அளிக்கிறது. அவ்வாய்ப்பு பயன் தருவது பயிற்சியைப் பொறுத்ததாகும். ஒவ்வொரு வட்டத்திலும் ஆசிரியர் சிலரும் தொழில்நுட்பர் சிலரும் இதில் தேர்ச்சி பெறுவாராயின், விதியொன்றினால் ஒதுக்கப்பட்ட கணினிகள் பள்ளிகளிலும் நூலகங்களிலும் மீண்டும் பணியாற்றும். மென்பொருள் எழுதும் நகரத்தின் எல்லையில் வாழ்வோர்க்கு, அம்மென்பொருளைத் தாமே ஆளும் ஆற்றல் கிட்டுவதே மெய்யான வளர்ச்சியாகும்.