வாடைக் கடலில் தொழில்: பாம்பன் கரைக்குச் சில குறிப்புகள்

ஐப்பசியில் வாடை இறங்கியதும் இராமேசுவரம் தீவின் இரண்டு கரைகளும் குணம் மாறிக்கொள்ளும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அமைதியாகக் கிடந்த வடக்கு, அதாவது பாக் விரிகுடா, வடகிழக்குக் காற்றை நேராக வாங்கிக் கொந்தளிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா அடங்கும். தை, மாசி வரை நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்காக, முக்கியமாகப் புதிதாக வலை தொடும் இளைஞர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

படகைத் தெற்குக் கரைக்கு மாற்றுங்கள். நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது இதைத்தான். கரைவலைக்காரர்களும் காற்றைப் பார்த்தே கரை மாறினார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அங்கே அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும்பும். சின்னப் படகுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

காற்றையும் கேளுங்கள், வானிலை அறிக்கையையும் கேளுங்கள். வாடையின் போக்கு பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் முந்நூறு மைலுக்கு அப்பால் உருவாகும் தாழ்வு மண்டலம் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் படகைத் தள்ளாதீர்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயலும், வேதாரண்யத்தை 2018 நவம்பரில் கஜா புயலும் தாக்கியது இதே பருவத்தில்தான்.

பாம்பன் கால்வாயைக் கடக்கும் முன் இன்ஜினைச் சோதியுங்கள். வாடைக்காலத்தில் நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து தெற்கே ஓடும். குறுகலான கால்வாயில் அதன் வேகம் கூடும். இன்ஜின் நின்றால் பாறையிலோ பாலத்தூணிலோ கொண்டுபோய் மோதிவிடும்.

மழைநீர் வடிந்து கடல் கலங்கும்போது கரைப்பக்கம் இறால் பாடு கூடும். அந்த நாட்களில் தூரம் போகாமலே நல்ல வரும்படி பார்க்கலாம்.

ஐஸைக் குறைக்காதீர்கள். குளிர்தானே என்று பாதி ஐஸோடு கிளம்புவது இந்த மாதங்களில் நடக்கிற தவறு. நம் ஊர்க் குளிரில் மீன் கெடாமல் இருக்காது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே கணக்கு. அயிலையும் சூரையும் சூடேறினால் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

செய்யக்கூடாதவை

இரண்டு நாள் கரையில் உட்கார்ந்த ஆத்திரத்தில் மூன்றாம் நாள் காற்று அடங்குமுன் போகக்கூடாது. கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன்: தவறிய பாட்டை அடுத்த வாரம் பிடித்துவிடலாம்.

சினை நண்டைக் கூடையில் போடாதீர்கள். பாக் விரிகுடாவில் நாட்டுப்படகுக்காரரின் அடுப்பு எரிவதே பெரும்பாலும் நீலக்கால் நண்டால்தான். வயிற்றில் முட்டைத் திரள் ஒட்டியிருக்கும் ஒரு நண்டு லட்சக்கணக்கில் குஞ்சு விடும். வலையிலிருந்து உயிரோடு எடுத்தால் உடனே கடலில் விடுங்கள். வியாபாரிகளும் அதை வாங்க மறுக்க வேண்டும். வாங்க ஆளிருக்கும்வரை பிடிப்பதும் நிற்காது.

கடல் பசு, ஆமை, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் கரைக்குக் கொண்டுவராதீர்கள். சட்டம் கடுமையானது, அது ஒருபுறம். கடல் பசுவும் ஆமையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். வலையை அறுத்தாவது விடுங்கள்.

இரட்டைமடி வேண்டாம். அடிமண்ணோடு குஞ்சையும் வாரிக்கொண்டு போகும் அந்த வலைக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

அறுந்த நைலான் வலையைக் கடலில் வீசாதீர்கள். யாருக்கும் பயனில்லாமல் அது மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும்.

உயிர்காப்பு உடையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் இன்றே படகின் உட்பக்கத்தில் பெயின்டால் எழுதிவையுங்கள்.