அறை குளிர்கிறது, ஈரம் ஏன் போகவில்லை?

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் நம் மும்பை வீடுகளில் ஒரு புகார் கிளம்பும். "ஏ.சி. நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனால் படுக்கை சில்லென்று ஈரமாக இருக்கிறது, அப்பளம் நமத்துப் போகிறது, பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பூக்கிறது" என்பார்கள். ரயில்வேயில் ஏ.சி. பெட்டிகளின் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பல வீடுகளில் இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. அது செய்யவேண்டிய இரண்டு வேலைகளில் ஒன்றை முடித்துவிட்டு நின்றுவிடுகிறது.

இரண்டு வேலைகள்

ஏ.சி. பிறந்ததே ஈரத்தை அடக்குவதற்காகத்தான். 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த அமைப்புதான் இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி.

குளிர்ந்த சோடா பாட்டிலை மேஜைமேல் வைத்தால் அதன்மேல் முத்து முத்தாக நீர் கோக்கிறதல்லவா? ஏ.சி.க்குள் இருக்கும் கூலிங் காயிலிலும் அதுவே நடக்கிறது. அறைக் காற்று அதன்மேல் படும்போது ஈரம் நீராகி, தட்டில் விழுந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. ஆனால் காயில் நன்றாகக் குளிர்ந்து, நீர் சேர்ந்து, வழியத் தொடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். இயந்திரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கோ வெப்பம் மட்டுமே தெரியும், ஈரம் தெரியாது.

ஒரு சிறு கணக்கு

மழைநாளில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில் அதே காற்று தாங்கக்கூடியது ஏறக்குறைய 22 கிராம்தான். ஆகவே வெறுமனே குளிர வைத்தால் அறை முழு ஈரத்தில் நிற்கும். 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவர 12 கிராம் போக மீதி 11 கிராமை எடுத்தாக வேண்டும். 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி உள்ள அறையின் காற்று ஒருமுறை வெளிக்காற்றால் மாறினாலே சுமார் 370 மில்லி நீர் உள்ளே வருகிறது. அதே அறையில் நான்கு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டருக்கு மேல். மழைக்குப் பயந்து உள்ளே துணி உலர்த்தினால் இன்னும் ஓரிரண்டு லிட்டர்!

மே மாதத்தில் சுவரெல்லாம் கொதிப்பதால் இயந்திரம் நீண்ட நேரம் ஓடுகிறது. கூடவே ஈரமும் போகிறது. ஜூலையில் இறக்கவேண்டிய வெப்பம் மூன்று, நான்கு டிகிரிதான். ஈரமோ மலையளவு. வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடுவதால் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது.

பெரிதாக வாங்குவதன் விளைவு

"எதற்கும் இருக்கட்டும்" என்று சிறிய அறைக்கு 2 டன் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் 1 டன். பெரிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்றுவிடும். அதன் பிறகும் உள் விசிறி சுற்றுவதால், காயிலில் ஒட்டியிருந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. காசு அதிகம், பலன் குறைவு.

நம் ரயில் பெட்டிகளில் இதற்கு ஒரு வழி உண்டு. கூரைமேல் இரண்டு ஏ.சி. யூனிட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கம்ப்ரசர்கள். தேவை குறையும்போது ஒன்றை மட்டும் ஓட்டலாம். வீட்டில் இன்வெர்ட்டர் ஏ.சி. ஏறக்குறைய இதைச் செய்கிறது. ஆனால் அதுவும் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மெதுவாக ஓடும்போது காயில் போதிய அளவு குளிராது, ஈரம் தங்கிவிடும்.

18-இல் வைக்கலாமா?

புழுக்கம் தாங்காமல் 18 டிகிரிக்கு இறக்குகிறவர்கள் பலர். இயந்திரம் ஓடும் நேரம் கூடும், உண்மைதான், மின்கட்டணமும் கூடும். சுவரும் பீரோவும் சில்லிட்டுப்போகும். மேலே சொன்ன வெளிக்காற்று சுமார் 25 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின்மேல் பட்டாலும் நீர் கோக்கும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் கண்ணாடி வியர்ப்பது இதனால்தான். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் வளர்கிறது. இழுப்பு உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது பெருந்தொல்லை.

2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற புதிய அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்யப்பட்டது. மழைக்காலத்துக்கும் 24 முதல் 26 வரை போதும்.

செய்யவேண்டியவை

1. 100 முதல் 120 சதுர அடி படுக்கையறைக்குப் பொதுவாக 1 டன் போதும். மேல்மாடியோ, மேற்கு வெயிலோ இருந்தால் சற்றுக் கூடுதலாகப் பார்க்கலாம்.

2. மழைநாளில் ரிமோட்டில் நீர்த்துளிப் படமுள்ள 'டிரை' முறையைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் விசிறியைக் குறைந்த வேகத்தில் வையுங்கள்.

3. கதவிடுக்கு, ஜன்னல் ஓரம், ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டை ஆகியவற்றை அடையுங்கள். சமையலறை ஆவி எக்ஸாஸ்ட் விசிறி வழியே வெளியேறட்டும்.

4. ஏ.சி. ஓடும் அறையில் துணி உலர்த்தாதீர்கள்.

5. வடிகுழாயில் நீர் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். மழைக்காலத்தில் அரைமணி ஓடியும் சொட்டவில்லை என்றால் குழாய் அடைப்பையும் வாயு அளவையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

6. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி கிடைக்கிறது. ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். அது 60-க்குக் கீழே காட்டினால் உங்கள் ஏ.சி. இரண்டு வேலைகளையும் செய்கிறது என்று பொருள். இத்தனை செய்தும் 65-க்கு மேலேயே நின்றால், இன்னும் பெரிய ஏ.சி. வாங்கப் புறப்படாதீர்கள், ஈரத்தை மட்டும் எடுக்கும் டீஹியூமிடிஃபையரை விசாரியுங்கள்.