அம்மை போயாச்சு, கறை போகலையா?

சின்னம்மை இறங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்தாச்சு. ஆனால் முகத்தில் கருப்புப் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. தேவர்சோலையில் இருக்கும் நீங்கள் அடுத்து என்ன செய்யலாம்?

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். தோல் சமமாக இருந்து நிறம் மட்டும் கருத்திருந்தால், அது புண் ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சேர்ந்ததால் வந்த கறை. பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் அதுதான் தழும்பு. பொருக்கைக் கிள்ளியதோ, புண்ணில் கிருமி சேர்ந்ததோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது.

கறை மங்க வெயில்தான் பெரிய தடை. "இங்கதான் மூடுபனி ஆச்சே, வெயில் எங்க?" என்று கேட்பீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தலையில் போடும் துணியை நெற்றிக்கும் கன்னத்துக்கும் நிழல் விழும்படி இழுத்துக் கட்டுங்கள். முடிந்தால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடலாம். பொருக்கு முழுசாக உதிர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சியும் அரிப்பும் குறையும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறை இன்னும் கருக்கும்.

இனி, கடையில் கேட்டு வாங்கும் கிரீம். ஸ்டீராய்டு கலந்தவை தோலை மெலியவைத்து, நிறுத்தியதும் முகம் சிவந்து எரியவைக்கும். பெயர் தெரியாத 'வெள்ளையாக்கும்' கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். நாடுகாணி தாண்டினால் வரும் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்துப் புள்ளிக்குச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பதா?

சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள். இ-சஞ்சீவனி செயலியில் மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்து மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுத்த போட்டோ கையில் இருக்கட்டும். எஸ்டேட் லைனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்; டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து இணையுங்கள். சீழ், வலி, சூடு இருந்தால் போனை வைத்துவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூடலூர் அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். குழித் தழும்புக்கும், தடித்து வளரும் தழும்புக்கும் தோல் மருத்துவர்தான் வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.