நுண்ணலையும் நீரும்

மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்பில் காய்ச்சிய நீர், ஆறிய பின்னரும் செடிகளைப் பட்டுப்போகச் செய்யும் என்னும் கருத்து மக்களிடையே உலவுகிறது. அஃது உண்மையா?

1945-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் வழியைக் கண்டறிந்தார். இவ்வடுப்பின் அலைகள் நொடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிர்கின்றன. அதற்கேற்பத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத, வெப்பம் பிறக்கிறது. மூலக்கூறுகளின் பிணைப்பை முறிக்கும் ஆற்றல் இவ்வலைகளுக்கு இல்லை. அடுப்பை நிறுத்தியதும் அலைகள் மறைகின்றன. வெந்நீர் மட்டுமே எஞ்சுகிறது. கொதித்த நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும் என்பது மெய்யே. ஆயினும் அது விறகடுப்பில் கொதித்த நீருக்கும் பொதுவானது.

உண்மையான இடர் வேறு. வழவழப்பான கோப்பையில் நீர் 100 டிகிரி செல்சியசைக் கடந்தும் குமிழியிடாமல் அமைதியாக இருக்கக்கூடும். கரண்டி பட்டவுடன் அது பொங்கித் தெறித்துக் கையையும் முகத்தையும் சுட்டுவிடும். எனவே, அளவுக்கு மீறிச் சூடாக்காமல், சற்று ஆறவிட்டு எடுத்தல் வேண்டும்.

ஒரு செடி வாடியது கொண்டு முடிவு கூறுதல் அறிவியலாகாது. ஒரே வகைச் செடிகள் பலவற்றை இரு பிரிவாக்கி, மண்ணும் ஒளியும் ஒத்திருக்க, இருவகை அடுப்பிலும் காய்ச்சி ஆறிய நீரைத் தனித்தனியே ஊற்றி ஒப்பிடுக. கேட்டதை நம்புவதினும் ஆய்ந்து தெளிவதே அறிவு.