கத்திக்கு ஒரு பிடி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியின் மரப்பிடி சென்ற ஐப்பசியில் பிளந்தது. அம்மா அதில் துணியைச் சுற்றி ஒரு மாதம் ஓட்டினாள். ஆடும்போதெல்லாம் இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைப்பாள். காலையில் இறுகியிருக்கும், மாலைக்குள் மறுபடியும் ஆடும். ஒருநாள் பூசணிக்காய் நறுக்கும்போது கத்தி திரும்பி உள்ளங்கையைக் கிழித்தது. மூன்று தையல். திருப்பாச்சி அரிவாளே ஆனாலும் பிடி ஆடினால் ஆபத்து நமக்குத்தான்!

நீரில் ஊறிய மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாக நீளுவதில்லை, குறுக்குவாக்கில் பருக்கும். இரும்பின்மேல் அழுந்தும் நார்கள் நசுங்கிவிடுவதால், உலர்ந்தபின் துளை முன்னைவிடப் பெரிதாகிறது. அம்மாவின் வைத்தியமே நோயை வளர்த்திருக்கிறது.

பரணில் அப்பாவின் பழைய மண்வெட்டிக் கணை கிடந்தது. கருவேல மரம், நுனி முறிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கணை பிடித்த கூலியில் படித்தவன். ஆகவே கேட்கத் தயங்கினேன். "அறுலே, அதை வச்சு என்ன பூசையா பண்ணப்போறோம்?" என்றார் அப்பா.

பன்னிரண்டு செ.மீ. அறுத்துத் துளையிட்டேன். துளை பெரிதாகிவிட்டது, கத்தி கலகலத்தது. இன்னொரு துண்டுடன் சங்கரன்கோவிலில் ஒரு கொல்லர் பட்டறைக்குப் போனேன்.

அவர் முதலில் ஓர் இரும்புப் பூணைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியின் முனையில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றினார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் அதே முறை! வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரும்பின் நீள்விரிவு எண் 0.000012. மூன்று செ.மீ. விட்டமுள்ள பூண் 500 டிகிரி சூடேறினால் விட்டம் 0.18 மி.மீ. கூடும். தலைமயிர் இரண்டு மூன்றின் கனம்தான். மரம் பிளவாமல் இறுக்க அது போதும்.

பிறகு சிறு துளையிட்டு, கத்தியின் வாலை மட்டும் காய்ச்சிச் செருகி, துளையைச் சுட்டே அளவாக்கினார். அலகில் ஈரத்துணி சுற்றியிருந்தார். "வெட்டுவாயில சூடு ஏறினா பதம் போயிரும் தம்பி" என்றார். கடைசியில் துளைக்குள் அரக்குப் பொடியை நிரப்பி, சூடான வாலை அழுத்தினார். அரக்கு உருகி இடுக்கெல்லாம் நிறைந்து, ஆறியதும் கல்லாகிவிட்டது.

இனிக் கத்தியை ஊறப்போடக் கூடாது, அடுப்பருகில் வைத்தால் அரக்கு இளகும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கணையில் இன்னும் ஒரு முழத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது. அரிவாளுக்கும் பிடி கேட்கிறாள்.