பில் புத்தகத்தில் ஒரு துணித் துண்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போர்ட்ஃபோலியோ லிங்க்கை நேற்று மாலை தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே போனில் திறந்தேன். ‘அனுமதி தேவை’ என்று வந்தது. கேட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு மறுபடி பார்த்தேன். அதற்குள் அனுமதி கொடுத்திருந்தாய். உன்னை எனக்குத் தெரியும், அதனால் திரும்ப வந்தேன். ஆள் எடுக்க உட்கார்ந்திருப்பவர் வரமாட்டார். அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது நாற்பது லிங்க் பாக்கி இருக்கும். யூஎக்ஸ் (பயனர் அனுபவ டிசைன்) வேலைக்கு மனு போடுகிறவன் வீட்டு வாசலே பூட்டிக் கிடந்தால், உள்ளே இலை போட்டு விருந்து வைத்து என்ன பயன்? முதலில் அதைச் சரிசெய். உன் போன் இல்லாமல், நண்பன் போனில், வேறு கணக்கில் திறந்து பார்.

இனி உள்ளே இருப்பதைப் பற்றி. எட்டு வேலை வைத்திருக்கிறாய். சாப்பாட்டு டெலிவரி, தியானம், செடி விற்பனை, ஒரு பிரபல இசை ஆப்பின் மறுவடிவம், விவசாயிகளுக்கான ஆப், இன்னும் மூன்று. எட்டிலும் ஒரே வரிசை: பிரச்சினை ஒரு பத்தி, பெர்சோனா என்று ஒரு கற்பனைப் பயனர், சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள், பிரிட்டன் டிசைன் கவுன்சிலின் அந்த இரட்டை வைரப் படம், கடைசியில் மூன்று போன்கள் சாய்ந்து காற்றில் மிதக்கின்றன. பெர்சோனாவில் இருப்பவருக்கு வயது 28, ஊர் பெங்களூர், பயணம் பிடிக்கும், நேரம்தான் இல்லை. இந்த மனிதரை நான் நூறு போர்ட்ஃபோலியோவிலாவது சந்தித்திருப்பேன். நேரில் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆறு மாத கோர்ஸில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அச்சில் வார்த்த மாதிரி எல்லோரும் வெளியே வருகிறீர்கள். ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் எதைத் தேடுகிறேன் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் உனக்கு இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்து, இன்னொன்றை விட்டிருக்க வேண்டும். ஏன் விட்டாய் என்பது எனக்குப் புரியவேண்டும். எட்டு வேலையிலும் நீ எதையும் விட்டதாகத் தெரியவில்லை. எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிட்டதுபோல இருக்கிறது. அப்படி எந்த வேலையும் நடப்பதில்லை, தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களிடம் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு பெண் வந்தாள். அவள் வைத்திருந்தது இரண்டே வேலை. அதில் ஒன்று அவள் தெருமுனை லேடீஸ் டெய்லரைப் பற்றியது. ஆர்டர், அளவு, டெலிவரி தேதி எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ள ஒரு ஆப் செய்து தரலாம் என்று நினைத்து, 14 ஸ்க்ரீன் வரைந்துகொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். மூன்று மத்தியானம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

வருகிறவர்கள் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். டெய்லர் டேப் வைத்து உயரம், தோள், மார்புச் சுற்று, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே குறித்துக்கொள்வார். பிறகு கொண்டுவந்த துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு. அந்தச் சின்னத் துண்டை பில் புத்தகத்து அடிக்கட்டையில் வைத்துப் பின் அடிப்பார். அவ்வளவுதான். பத்து நாள் கழித்துத் தேடும்போது அவர் பெயரையோ நம்பரையோ படிப்பதே இல்லை. ‘மாம்பழ மஞ்சளா? இதோ’ என்று புரட்டிக்கொண்டே போய் நிறத்தில் நிற்பார். வாடிக்கையாளருக்கும் ரசீது எண் நினைவில் இருக்காது, துணியின் நிறம் இருக்கும். இவளுடைய ஆப்பின் முதல் ஸ்க்ரீனோ ஆர்டர் எண்ணைக் கேட்டது. டெய்லரிடம் கொடுத்துப் பார்த்தாள். கையில் சாக்பீஸ் தூள், ஒரு ஆர்டரைப் பதிய நான்கு நிமிஷம். பில் புத்தகத்தில் அரை நிமிஷ வேலை.

14 ஸ்க்ரீனையும் ஓரம்கட்டிவிட்டு, கடையில் உண்மையில் எது தொல்லை என்று பார்த்திருக்கிறாள். ‘ஆச்சா?’ என்று கேட்டு ஒவ்வொருத்தரும் இரண்டு மூன்று தடவை நடந்து வருவதுதான். டெய்லருக்கும் மிஷினை நிறுத்திப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு அவள் செய்தது, பில் புத்தகத்தின் பக்கத்தை மாற்றி வரைந்தது. துணித் துண்டுக்கு ஒரு கட்டம், அதை ஒட்டிப் பெரிய கட்டங்களில் போன் நம்பர், மூலையில் தேதி. தைத்து முடித்ததும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அச்சகத்தில் ஒரு புத்தகம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். கேஸ் ஸ்டடியின் கடைசியில் எழுதியிருந்தாள்: டெய்லர் நான்கு நாள் அனுப்பினார், அப்புறம் பொங்கல் கூட்டத்தில் விட்டுவிட்டார், ஹூக் வைத்து ஹெம்மிங் அடிக்கும் அவர் மனைவி அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகுதான் தொடர்ந்து நடந்தது. யாரிடம் பேசியிருக்க வேண்டும் என்பது தனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்றும் ஒரு வரி.

எங்கள் டீமில் ஒருவர், ‘எல்லாம் சரி, ஸ்க்ரீன் எங்கே?’ என்றார். யூஎக்ஸ் என்ற சொல்லைப் பரவலாக்கிய டான் நார்மனின் 1988 புத்தகத்தைப் புரட்டினால் கதவும் அடுப்புக் குமிழும்தான் அதிகம் வரும் என்று நான் வாதாடினேன். இருந்தாலும் அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. அந்தப் பெண்ணின் இரண்டாவது வேலையில் ஸ்க்ரீன்கள் இருந்தன, இடைவெளியும் எழுத்தளவும் துல்லியமாக இருந்தன. அது இல்லாவிட்டால் நானும் தயங்கியிருப்பேன். கைத்திறன் இல்லாத சிந்தனைக்குச் சம்பளம் வாங்குவது கஷ்டம்.

அழகு மட்டும் இருந்து சிந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஜாரெட் ஸ்பூல் எழுதிய ‘300 மில்லியன் டாலர் பட்டன்’ கட்டுரையைத் தேடிப் படி. ஒரு பெரிய ஆன்லைன் கடை. பொருளைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போனால், நடுவில் ஒரு சின்னப் படிவம்: இமெயில், பாஸ்வேர்ட், உள்ளே வர ஒரு பட்டன், பதிவு செய்ய ஒரு பட்டன். அடிக்கடி வாங்குகிறவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று வைத்தது. ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தபோது, புதிதாக வந்தவர்கள் ‘பொருள் வாங்கத்தானே வந்தேன், உறவு கொண்டாடவா வந்தேன்’ என்று எரிச்சல்பட்டிருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த இமெயில் கொடுத்தோம் என்பதே மறந்திருந்தது. பதிவு பட்டனை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருஷத்தில் கூடுதலாக வந்தது 300 மில்லியன் டாலர். அந்தக் கட்டுரையை வாசிக்க மிதக்கும் போன் ஒன்றும் தேவைப்படவில்லை என்பதைக் கவனி. என்ன நினைத்தார்கள், என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், என்ன ஆயிற்று. உன் கேஸ் ஸ்டடிக்கும் இவ்வளவு எலும்பு போதும்.

இசை ஆப் மறுவடிவத்தை எடுத்துவிடு. காரணம் சொல்கிறேன். 2009-இல் டஸ்டின் கர்ட்டிஸ் என்ற அமெரிக்க டிசைனர், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தளத்தில் டிக்கெட் போட்டு நொந்துபோய், அந்த நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்; முகப்புப் பக்கத்தைத் தானே புதிதாக வரைந்தும் காட்டினார். உள்ளே வேலைபார்த்த டிசைனர் ஒருவர் அவருக்குப் பதில் போட்டார். முகப்பை வரைவது பெரிய விஷயமில்லை, தளத்தின் பின்னால் பல பிரிவுகளில் குறைந்தது 200 பேர் இருக்கிறோம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு தேவை என்பது அதன் சாரம். பெயரை மறைத்து அந்தப் பதிலை கர்ட்டிஸ் வெளியிட்டார். நிறுவனம் ஆளைக் கண்டுபிடித்து வேலையைவிட்டே அனுப்பியது. பாவம். அவர் சொன்னது மட்டும் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. வெளியிலிருந்து ஒரு ஆப்பைத் திருத்துகிறவனுக்கு அந்த 200 பேர் கண்ணில் படுவதே இல்லை. நீ வரைந்ததில் நிறம் மாறியிருக்கிறது, பட்டன் உருண்டையாகியிருக்கிறது. அங்கே ஏற்கனவே இருந்தது ஏன் அப்படி இருந்தது என்ற கேள்வியே இல்லை.

விவசாயிகளுக்கான ஆப்புக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரன் நீ. அந்த ஆப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் இங்கிலீஷ், விவசாயியின் பெயர்கூட ஏதோ வெள்ளைக்காரப் பெயர். தமிழில் போட்டுப் பார்த்திருந்தால் உனக்கே பாதி பாடம் கிடைத்திருக்கும். இங்கிலீஷில் ஆறு எழுத்தில் முடிகிற பட்டன், ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டதும் கட்டத்தைவிட்டு வழியும். அப்போதுதான் ‘அனுப்பு’ என்றே வைக்கலாமே என்று தோன்றும். மேல் வரியில் ‘ழு’வின் வாலும் கீழ் வரியில் ‘கீ’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும், வரி இடைவெளியை ஏற்ற வேண்டியிருக்கும். இதெல்லாம் போர்ட்ஃபோலியோவில் வரவேண்டிய சமாச்சாரம். நம்மைப்போல இந்த மொழியில் புழங்குகிறவர்கள்தான் இதைக் காட்ட முடியும்.

அந்த ஆப்பின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறாயே, உன் பெயரை அதில் எழுதிப் பார்த்தாயா? நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தளங்களில், ஒருத்தர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார், இன்னொருத்தர் அப்பா பெயரைப் போடுவார், வேறொருத்தர் வெறும் புள்ளி வைத்துப் பார்ப்பார். பிறகு பாஸ்போர்ட்டில் இருப்பதும் டிக்கெட்டில் இருப்பதும் பொருந்துமா என்று வயிற்றில் புளி கரைக்கும். ஊர் ஊருக்குப் பெயர் வைக்கும் முறை எப்படி மாறுகிறது, படிவத்தில் அதை எப்படிக் கையாளலாம் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி தளத்தில் ஒரு கட்டுரையே இருக்கிறது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டிலும் தெருவிலும் ஐந்து பேரிடம் நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார். ஐந்து போதும். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதிவிட்டார். அவர்கள் தடுமாறும்போது உதவாதே. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டமான பகுதி.

சில்லறை விஷயங்கள் சில. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து போட்டிருக்கிறாய், ரயில் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடாவது வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல்தன்மை விதி, அணுகல்தன்மையில் ஆர்வம் என்று முதல் பக்கத்தில் எழுதியவன் அதை மீறலாமா? இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் இன்னும் வெளிவராத ஸ்க்ரீன் எதுவும் இருந்தால் எடுத்துவிடு. அவர்கள் ரகசியத்தை எங்களிடம் காட்டுகிறவன் எங்கள் ரகசியத்தை இன்னொருவரிடம் காட்டுவான் என்றுதான் தோன்றும். ஏஐ எழுதித் தந்த பத்திகளும் தெரிகின்றன. எட்டு வேலைக்கும் ஒரே குரல், அது உன் குரல் இல்லை. எனக்குப் போட்ட மெயிலில் நீ எழுதியிருக்கும் தமிழ் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

குழுவாகச் செய்த வேலையில் உன் பங்கைப் பிரித்துச் சொல். நான் பட்டதால் சொல்கிறேன். என் முதல் இன்டர்வியூவில் முழுக்க ‘நாங்கள் செய்தோம், நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்றே பேசினேன். எதிரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அந்த நாங்களில் நீங்கள் எவ்வளவு?’ என்றார். நான் செய்தது ஐகான்களும் இரண்டு ஸ்க்ரீனும்தான். அதை நேராகச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எச்சில் விழுங்கினேன், மழுப்பினேன். வேலை கிடைக்கவில்லை.

எட்டில் ஏழு வேலையை எடுத்துவிடு. செடி விற்பனை இருக்கட்டும், அதில் உன் கை நன்றாக வந்திருக்கிறது. இன்னொன்று இனிமேல்தான் செய்யவேண்டும். மெயிலின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: லீவு நாளில் அப்பாவோடு காய்கறி மண்டியில் உட்கார்ந்து சிட்டை எழுதுவேன் என்று. மொத்தம் ஏழு வரி மெயில், அதில் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது அந்த ஒரு வரியில்தான். போர்ட்ஃபோலியோவில் அதைத் தேடினேன், இல்லை. விவசாயிகளுக்கு ஆப் செய்தவன் தினமும் விவசாயிகள் வந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவர்களில் ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை!

இந்த வாரம் ஊருக்குப் போகிறாய் அல்லவா? ஏலம் முடிந்து சிட்டை எழுதும் நேரத்தில் அப்பா பக்கத்தில் உட்கார். நீ எழுதாதே, அவர் எழுதுவதைப் பார். எடை, விலை, கமிஷன், கூலி, இதில் எதை முதலில் எழுதுகிறார், எதை மனசிலேயே போட்டுக் கழிக்கிறார், சிட்டையை வாங்குகிறவர் அதில் எந்த மூலையை முதலில் பார்க்கிறார் என்று குறித்துக்கொள். முடிந்தால் அடித்துத் திருத்திய சிட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பின்பக்கத்தை மறந்துவிடாதே, கணக்கெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா