முகம் ஒன்றுதான், முகவரியைப் பாருங்க!

உங்க மொபைலில் இரண்டு மாவட்டங்களின் அரசு இணையதளங்களைத் திறந்து பாருங்க. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். காரணம், தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘எஸ்3வாஸ்’ என்னும் பொது வார்ப்புரு.

தளத்தின் அமைப்பையும் பாதுகாப்பையும் ஒரே இடத்தில் பராமரிக்கிறார்கள். அங்கே ஒருமுறை திருத்தினால் போதும், எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரும். ஆனால் அலுவலர் பெயர், தொலைபேசி எண், அறிவிப்பு இவற்றை அந்தந்த மாவட்டம்தான் மாற்ற வேண்டும். எனவே எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன், பக்கத்தின் அடியில் ‘கடைசியாகப் புதுப்பித்த’ தேதியைப் பாருங்க.

இன்னொன்று முக்கியம். தளத்தின் தோற்றத்தை மோசடிக்காரரும் அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்ற முகவரிகள் அரசுக்கு மட்டுமே தரப்படுபவை. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக அது இருக்கிறதா என்று பாருங்க. நடுவில் மட்டும் இருந்தால் நம்பாதீங்க.

ஏமாந்து பணம் கட்டிவிட்டீர்களா? தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.